முன் இருக்கையின் எடை

அணைக்கட்டு ரோட்டில் வண்டி தானாக இடது பக்கம் போனபோது அவளுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. இடது பக்கம் தண்ணீர். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் உயரத்துக் கற்கள், அவற்றிலும் பாதி சாய்ந்தவை. ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்தே அணைக்கட்டைத் தாண்டி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று முழுக்க ஆய்வகத்தில் சோதனைக்குழாய்களில் லேபிளை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாளோடு போகவில்லை. தினமும் காலையில் அதே இழுப்பு. ஆலைக்கு வேறு வழி கிடையாது, அந்த ரோட்டில் பஸ்ஸும் கிடையாது. வண்டி நேராக ஓடாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

"வீல் அலைன்மென்ட் போயிருக்கும். பட்டறைக்கெல்லாம் போகாத. நூலும் தூக்குக்குண்டும் இருந்தா நானே பண்ணிடுவேன்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் பொருத்துகிறவன். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். கார் ஓட்டத் தெரியாது.

"லிஃப்ட் மேலயும் கீழயும் போகும். இது ரோட்டுல போகணுங்க."

"எதுவா இருந்தா என்ன? நூல் பொய் சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியின் இரு பக்கமும் நீளமாக நூல் கட்டினான். ஒவ்வொரு சக்கரத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்தான். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சக்கரங்களின் சாய்வைப் பார்த்தான். எல்லாம் அச்சு பிசகாமல் இருந்தன.

"வண்டி நேராத்தான் இருக்கு. உன் கைதான் கோணல்" என்று தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அங்கே நான்கு சக்கரத்திலும் அளவெடுக்கும் தட்டுகளை மாட்டினார்கள். திரையில் எல்லா எண்ணும் பச்சை. மெக்கானிக் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். கையை விட்டார். வண்டி அம்பு மாதிரி போனது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லா தூங்கி எழுந்து ஓட்டுங்க."

வீட்டில் கணவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நான் சொன்னதைத்தான மெஷினும் சொல்லுது? அது ஏசில உட்கார்ந்து சொல்லுது, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை வீட்டு வாசலைத் தாண்டியதுமே வண்டி இடது பக்கம் இழுத்தது. அணைக்கட்டு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் இழுத்துப் பிடித்தாள். அதைத் தாண்டி, கணவனின் சித்தி வீட்டுத் தெருமுனைக்கு வந்ததும் இழுப்பு சட்டென்று நின்றது. பிடித்திருந்த வேகத்தில் வண்டி வலது பக்கம் பாய்ந்தது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

ஓரமாக நிறுத்தினாள். ஆய்வகத்தில் ஒரே பொருள் இரண்டு விதமாக அளவு காட்டினால், நடுவில் எது மாறியது என்றுதான் முதலில் பார்ப்பாள். வண்டி மாறவில்லை. ரோடும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாத இழுப்பு திங்கட்கிழமை வருகிறது. வீட்டில் தொடங்கி இந்தத் தெருமுனையில் முடிகிறது.

வீட்டிலிருந்து இந்தத் தெருமுனை வரைக்கும், வேலை நாளில் மட்டும், அவளுடன் வந்தது ஒரே ஒருவர். மாமியார். தங்கை வீட்டில் பகலைக் கழிப்பதற்காக நான்கு வருடம் காலைதோறும் முன் இருக்கையில் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவர். நல்ல கனத்த உடம்பு; அப்போது அந்தக் கனத்துக்கு ஈடுகொடுத்து ஓட்ட அவள் கை பழகியிருந்தது. வழி நெடுக, "ஓரமா போம்மா, ஓரமா போ" என்பார். இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

பக்கத்து இருக்கையைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினாள்.

கணவனிடம் அதைச் சொல்லவில்லை. "நாளைக்கு நான் கிளம்பற நேரத்துல அளந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன், காலையில வண்டிக்கு முகம் வீங்குமா?"

"அளங்க."

மறுநாள் தூக்கக் கண்ணோடு இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பை வைத்தான். இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவள் கதவுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சத்தம் கேட்ட பிறகுதான் மாமியார் செருப்பையே தேடுவார். அவளும் காத்திருந்தாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பிரிங் கிறீச்சென்றது. இடது பக்கம் தொப்பென்று இறங்கியது. டேப்பில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

"நீ ஏறினியா?"

"நான் வெளியதான் நிக்கறேன்."

அவன் மெல்ல எழுந்து கண்ணாடி வழியாகக் காலி இருக்கையைப் பார்த்தான். 

"அம்மா, இறங்கும்மா" என்றான். 

வண்டி அசையவில்லை.

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளே போய் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து வந்தான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆலைக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னாள். காலி வண்டிக்கு முனகாத ஜாக்கி இன்று முனகியது. அவன் போல்ட்டைத் தளர்த்தி, வண்டி அதே அளவு வலது பக்கம் ஒதுங்கட்டும் என்று இடது சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்த்து இறுக்கினான். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி தூக்குக்குண்டைப் பிடித்தான். நூல் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்கும்வரை இருவரும் மூச்சை அடக்கினார்கள்.

"இனி நேரா போகும். மெஷின்ல ஏத்தினா சிவப்புதான் காட்டும். மெஷினுக்கு இவங்களைத் தெரியாதே" என்றான். சட்டென்று ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தான். "சித்தி வீட்டுல இறங்கிட்டா?"

அதை அவளும் நினைத்திருந்தாள். இப்போது வண்டி இரண்டு பேருக்காகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. ஒருவர் இறங்கினால் வலது பக்கம் போகும். லாரிகள் வரும் பக்கம்.

"பேசிப் பார்க்கறேன்" என்றாள்.

அணைக்கட்டு ரோட்டில் வண்டி கோடு போட்டதுபோல் ஓடியது. பல நாளுக்குப் பிறகு தண்ணீரை ஏறிட்டுப் பார்த்தாள். தெருமுனை நெருங்கியது. நான்கு வருடத்தில் "சரிங்க அத்தை" என்பதைத் தவிர அவள் இந்த இருக்கையைப் பார்த்துப் பேசியதில்லை.

"அத்தை" என்றாள், பக்கத்தில் திரும்பாமல். "இன்னைக்கு இங்க இறங்க வேணாம். எதிர்ல லாரியா வருது. ஆலை வரைக்கும் என்கூட வாங்க."

 தெருமுனை வந்தது. வேகத்தைக் குறைக்காமல் போனாள். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. விரல் நுனியால் மட்டும் ஸ்டியரிங்கைத் தொட்டிருந்தாள். அது இம்மிகூட அசையவில்லை. லாரி காற்றை வாரி அடித்துவிட்டுக் கடந்து போனது.

ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மரம்கூட இல்லை. மாலை வரை நேர் வெயில். இன்ஜினை அணைப்பதற்கு முன்னால் சற்று யோசித்தாள். பிறகு இடது பக்கக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கிவிட்டு இறங்கினாள்.