ஒற்றை நட்சத்திர வாசகர்

பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுப்பாள், பெயரை எழுதுவாள், "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்பாள். அடுத்த நொடி கணினியில் வாசகர் கருத்துகளைத் திறந்து பார்ப்பாள். பார்த்து என்ன ஆகப்போகிறது? ஐந்துக்கு 3.77 என்ற மதிப்பெண் ஆணி அடித்தாற்போல் நின்றது.

அவள் எழுத்தாளர் என்பது அங்கே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. புனைபெயரில் ஆறு புத்தகங்கள் வந்திருந்தன. நகரத்து லிஃப்டுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் குடியிருக்கும் பேய் பிசாசுகளின் வழக்குகளைத் துப்பறிகிற ஒரு பெரியம்மாவின் கதைகள் அவை. பெரியம்மாவுக்கு உதவியாள் ஒரு பேய். அதற்கு இருட்டென்றால் பயம்.

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்மா" என்று பதிப்பாளர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "நாலைத் தொட்டுச்சுன்னா ஏழாவது புத்தகம் வரும். இல்லன்னா பெரியம்மாவ வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ஆறு புத்தகத்துக்கும் சேர்த்து வந்த கருத்துகள் மொத்தம் நூறு. அதில் ஒரு மகராசன், "கதை அருமை, ஆனால் பார்சல் நனைந்து வந்தது" என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தான். மழைக்கும் அவளா பொறுப்பு? இன்னொருத்தி, "பேய் பயப்படுவதை நம்ப முடியவில்லை" என்றிருந்தாள். மற்றதையெல்லாம் நம்பிவிட்டாளாம்! இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். 'முப்பத்திரண்டு' என்ற பெயரில் எழுதிய ஆளைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. "வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படியொரு மூளை இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?" என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, ஆறு புத்தகத்துக்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். பாராட்டுகிற மாதிரி குத்துகிறார், வயதோ முப்பத்திரண்டுதான், அதற்குள் இவ்வளவு விஷமா என்று அவள் பொருமிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உள்ளே நாற்காலியில் தபால்காரர் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்திருந்தார்.

"ஏம்மா, உனக்கு இதெல்லாம் நல்லா வருமே" என்று தன் போனை நீட்டினார் டாக்டர். "இந்தப் புக்குக்கு மார்க் போடுற இடத்துல சைபர் எப்படிப் போடுறது? ஒண்ணுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது."

போனில் பெயர் தெரிந்தது. முப்பத்திரண்டு. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அந்த எழுத்தாளர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாங்க டாக்டர்? ஆறு புக்குக்கும் ஒண்ணு! அது பத்தாதுன்னு இப்ப சைபரா?"

"பாவமா? அந்தம்மாவுக்குக் கோயிலே கட்டலாம்! எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா?"

"அப்புறம் எதுக்கு ஒண்ணு?"

"பின்ன? பல்லு ஆடுதான்னு பார்த்து நான் சொல்றப்போ நீ என்ன எழுதுற? கெட்டியா இருந்தா சைபர். லேசா ஆடினா ஒண்ணு. மூணுன்னா?"

"பிடுங்கணும்" என்றாள், தன்னை அறியாமல்.

"ஆங்! இங்க என்னடான்னா, ஆளாளுக்கு அஞ்சு போட்டு வெச்சிருக்காங்க. இவ்வளவு நல்ல புக்க இந்தத் திட்டு திட்டுறாங்களேன்னு எனக்கு ரத்தம் கொதிச்சுது."

எட்டு வருடமாகத் தினமும் தன் கையால் எழுதுகிற எண்கள்! அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, இங்கே ஐந்துதான் உச்சம் என்ற விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் முகம் வெளிறிப்போனது.

"ஐயையோ! அந்தப் பொம்பளையோட வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டேனே!"

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மாற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... நான்காவது புத்தகத்தின் பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. ஐந்தையும் ஆறையும் மாற்றினார். மதிப்பெண் 3.97 ஆனது. மணி ஐந்தாக ஆறு நிமிடம்.

"நாலாவது டாக்டர், நாலாவது! சீக்கிரம்!"

"நீ எதுக்கும்மா இப்படித் துடிக்கிற?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "அத எழுதினதே நான்தான் டாக்டர்."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "நீயா! எங்கிட்டயே இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். நான்காவது புத்தகம் திறந்துகொண்டது. அட்டையில் இடுக்கியோடு ஒரு பிசாசு.

"இதுல ஒரு பல் டாக்டர் பிசாசு வருமே. மூக்கால பாடிக்கிட்டே பல்லப் புடுங்கும். வாயில பஞ்ச அடைச்சுட்டு, குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்கும்..."

"அஹு ஈங்கஹான் ஹாக்ஹர்!" என்று உள்ளேயிருந்து தபால்காரர் கத்தினார். பஞ்சு வைத்தும் தெளிவாகத்தான் கேட்டது.

டாக்டர் அவளையே பார்த்தார். "நான் மூக்காலயா பாடுறேன்?"

"ஆமா டாக்டர்."

"நல்லா இல்லியா?"

புத்தகமும் போச்சு, வேலையும் போச்சு. இனி என்ன பொய் வேண்டிக்கிடக்கிறது? "சகிக்காது டாக்டர். ஆனா நீங்க பாடாத அன்னிக்கு எனக்கு வேலையே ஓடாது. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு கவலையா இருக்கும்."

டாக்டர் ஐந்தாவது நட்சத்திரத்தை அழுத்தினார். 4.01.

"எங்க வீட்டுல நான் பாடுவேன்கிறதே யாருக்கும் தெரியாதும்மா" என்றார்.

மேசைப் போன் அடித்தது. "அடியே, நாலு தாண்டிடுச்சு! ஏழாவத ஆரம்பி!" என்றார் பதிப்பாளர் அம்மா. அவள் போனை வைத்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக முந்தானையைத் தேடினாள். அன்று சுடிதார் போட்டிருந்தாள். டாக்டர் பஞ்சை நீட்டினார்.

"ஆமா, இதெல்லாம் நீ எப்ப எழுதுற?"

மாட்டிக்கொண்டாள். "இங்கதான் டாக்டர். ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவுல."

"நாளையில இருந்து ரெண்டு மணிக்கு எக்ஸ்ரே ரூமுக்குப் போயிடு. நாலு மணி வரைக்கும் எழுது. போன நான் பார்த்துக்கிறேன்."

"நீங்களா? வேணாம் டாக்டர், நான் இங்கயே உட்கார்ந்து..."

"சொன்னாக் கேளு. உள்ள போய்க் கதவையும் தாழ் போட்டுக்கோ" என்றார் டாக்டர், புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே. "நீ என்னையே பார்த்து எழுதுறேன்னு தெரிஞ்சா, எனக்குக் கை நடுங்கி எவன் பல்லையாவது மாத்திப் புடுங்கிடுவேன்."