கடைசி வரி மட்டும்

அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மடிக்கணினி பாடும் ஒரே பாட்டு இதுதான். மந்தைவெளி வீட்டின் ஒற்றை அறையில் அன்புச்செல்விக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவள் சம்பளத்தில் வாங்கிய கணினி, அவளே போட்ட லினக்ஸ். வீட்டுக்காரியையே வாசலில் நிறுத்தி, யாரும்மா நீ என்று கேட்டால் பற்றிக்கொண்டு வராதா?

சர்க்கரையில் பார்வை போன புருஷன் சேரனுக்காகத்தான் இத்தனை பாடும். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, மூலநிரலாக மட்டும் இணையத்தில் போட்டிருந்தான். அதை ஓடக்கூடிய மென்பொருளாக அவரவரே தங்கள் கணினியில் கட்டியெடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி முடியும்வரை அது வெளியே எதையும் தொட்டுவிடாதபடி அவள் கணினி அதை சாண்ட்பாக்ஸ் என்ற வேலிக்குள் அடைத்துவிடும். ஆழ்வார்பேட்டை ஆபீசில் கூட வேலை பார்க்கும் வாஜித்துக்குப் போன் போட்டால், வேலியைத் தூக்கிவிடு, தீர்ந்தது என்றான். ஊர் பேர் தெரியாதவன் எழுதியதை அவிழ்த்துவிட்டு நாளைக்குக் கணினி படுத்துக்கொண்டால் வாஜித்தா வந்து அழப்போகிறான்? வேலியைத் தூக்காமல், அவள் ஒவ்வொரு கோப்புறையாக அதற்குத் திறந்துவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மின்விசிறி இரைய, எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் அதே வரி வந்து நின்றது.

சேரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நந்தனம் ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவைத் தானே படிக்க வேண்டும், இந்த வருஷம் முழுக்க அவன் கேட்டது அது ஒன்றைத்தான். இப்போதைக்கு அவள்தான் படித்துச் சொல்கிறாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, பசங்க உன்ன விசாரிச்சாங்க என்று ஒரே வாக்கியத்தில்.

"இப்ப இன்னா போட்டுக்கீது?" என்றான்.

"அதேதான்யா. அனுமதி இல்லியாம்."

"அதுக்கு மேல?"

"மேல எவ்ளோ கீது தெரியுமா? அத்தினியும் உனக்குப் படிச்சிக்கினு இருக்க முடியுமா?"

அவன் கோபமே இல்லாமல், "நீ எப்பவும் கடைசி வரிய மட்டும்தான் அன்பு படிக்கிற," என்றான்.

சுருக்கென்று தைத்தது. கேட்டுக்கோ என்பதுபோல் திரையை மேலே தள்ளி, வரி வரியாக, வேண்டுமென்றே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் குரல் தணிந்தது. மென்பொருள் எப்போதோ கட்டி முடிந்திருக்கிறது. தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு வாக்கியம் பேசிப் பார்க்கலாம் என்று அது ஸ்பீக்கரைத் தொட, சாண்ட்பாக்ஸ் அங்கேதான் மடக்கியிருக்கிறது. இதற்காகவா காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடச் சொல்லி மறுபடியும் ஓட்டினாள். இந்த முறை முனகாமல் முடிந்தது.

வாட்ஸப்பைத் திறந்து, எந்த விசையை அழுத்தினால் அடுத்த செய்தி என்று அவன் விரலைப் பிடித்துக் காட்டினாள். தகரத்தைத் தட்டுவதுபோல் ஒரு குரல், அனுப்பியவன் பேரை முதலில் சொல்லி, "பொன்ராஜ். டேய் சேரா, உன் வூட்டாண்ட வந்தா" என்று தொடங்கியது. சேரன் சட்டென்று நிறுத்தினான். இயர்போன் எங்கே என்று கேட்டான்.

எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினான். முதலில் சிரித்தான். அடுத்ததற்கும் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்லப் போய், கீழுதடு மடங்கியது.

"இன்னாயா? இன்னா சொல்றாங்க?"

அவள் பக்கம் திரும்பாமலே, இரு என்று ஒரு கையை உயர்த்தினான். மறு கை அடுத்த செய்திக்கு விசையைத் தேடிக்கொண்டிருந்தது.