ஒன்பதாம் விதியும் ஓர் ஆட்டுச் சவ்வும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், சனிக்கிழமை, முற்பகல் 11.40 மணி. பசுமலையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் கலையரங்கில், வைகை வட்டார அறிவியல் ஆசிரியர் கழகத்தின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மேசைகள் அறுபத்து நான்கு, நடுவர்கள் மூவர். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியையான நான் தலைமை நடுவர். மற்ற இருவர், தாவரவியல் பேராசிரியர் சுருளியும், இடம் கொடுத்த பள்ளியின் தாளாளர் அழகுபாண்டியும். தேர்வாகும் மூன்று படைப்புகளின் மாணவர்கள் ஜனவரியில் திருச்சிக்குச் சென்று, ஒரு வாரம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பயிற்சி பெறுவார்கள். நான் முப்பத்தேழாம் மேசையை அடைந்தபோது அதன்மீது ஒன்றும் இல்லை. விரிப்பில் ஒரு கண்ணாடி முகவையின் ஈரத்தடம் மட்டும் வட்டமாகப் படிந்திருந்தது.

பட்டியலைப் பார்த்தேன். மேசை 37: ஃபர்ஹா, பதினொன்றாம் வகுப்பு, தெற்குவாசல் பகுதியிலுள்ள பெண்கள் பள்ளி. தலைப்பு: "செல் சவ்வு எதை உள்ளே விடும், எதை விடாது?" தலைப்பே என்னை நிறுத்தியது. மற்றவர்கள் எல்லாரும் "சவ்வூடு பரவல்" என்று பாடத்தின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். இந்தப் பெண் கேள்வி கேட்டிருந்தாள்.

"இந்த மேசை எங்கே?" என்று தாளாளரைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லம்மா, வெளிய வச்சிருக்கோம். அடுத்ததப் பாருங்க."

"வெளியே என்றால்?"

"சைக்கிள் ஸ்டாண்டுல. அந்தப் புள்ள ஆட்டு மூத்திரப் பையக் கொண்டாந்து கட்டி வச்சிருக்கு. ஒரு பேரண்ட் மூக்கப் பொத்திக்கிட்டு வந்து கேக்குறாரு, இது பள்ளிக்கூடமா கசாப்புக் கடையான்னு. நாளைக்கு எவனாவது போட்டோப் புடிச்சுப் போட்டான்னா நான்ல பதில் சொல்லணும்?"

"நடுவர் பார்ப்பதற்கு முன்பே அகற்றும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?"

அவர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து கண்காட்சியின் விதிமுறைத் தாளை எடுத்து, ஒன்பதாம் விதியின்மீது விரலை வைத்தார். 'விலங்குகளோ அவற்றின் உடற்பாகங்களோ காட்சிக்கு வைக்கப்படலாகாது.'

"நீங்கதாம்மா குடுத்தீங்க. கீழ கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

கையெழுத்து என்னுடையதுதான். 2013ஆம் ஆண்டில் ஒரு பள்ளியினர் உயிருள்ள தவளைகளை அட்டையில் ஊசியால் குத்தி வைத்து, இதயம் துடிப்பதைக் காட்டினார்கள். அன்று வந்த கோபத்தில், வீட்டுக்குப் போகும்முன் அங்கேயே உட்கார்ந்து அந்த விதியை எழுதினேன். தவளைகளைக் காக்க எழுதினேன். எழுதியது அதைவிட அகலமாக இருந்தது. பதினொரு ஆண்டுகள் எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. இன்று ஒரு பெண்ணை வெளியே தள்ளுவதற்குத் திறந்திருக்கிறார்கள். எனக்கு அவர்மீது வந்த சினத்தில் பாதி என்மீதே இருந்தது. அதை அவரிடம் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனேன். தகரக் கூரையின் கீழ், தண்ணீர்க் குழாயை ஒட்டி, உடைந்த பெஞ்சு ஒன்றின்மீது அவளுடைய கருவி நின்றது. நீண்ட குழல் கொண்ட கண்ணாடிப் புனல் ஒன்றின் அகன்ற வாயில் ஆட்டுச் சிறுநீர்ப்பையின் சவ்வை இழுத்து, நூலால் இறுகக் கட்டியிருந்தாள். உள்ளே குளுக்கோஸ் கரைசல். புனலைத் தலைகீழாக முகவையின் தண்ணீரில் நிறுத்தியிருந்தாள். வாடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. குழாயடிப் பாசியின் மணம்தான் வந்தது. பழுப்பு முக்காடு அணிந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். அருகில் அவளுடைய ஆசிரியை சுபலட்சுமி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்ன எழுதுகிறாய்?"

"ரீடிங் மேடம். கால் மணிக்கு ஒருக்கா."

"போட்டியிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்களே?"

"எடுத்தது என்னயத்தான மேடம். தண்ணி ஏறிக்கிட்டுத்தான இருக்கு."

நோட்டை வாங்கினேன். ஒன்பது மணி முதல் குழலில் கரைசல் ஏறிய உயரம் மில்லிமீட்டரில் வரிசையாக இருந்தது. பதினொன்றேகாலுக்கு எழுதிய எண்ணின்மேல் ஒரு கோடு.

"இது ஏன் அடிக்கப்பட்டது?"

"அப்பதான் தூக்கிட்டு வந்தாங்க. ஆடிருச்சு. அந்த நம்பர நம்ப முடியாது."

"இடம் மாற்றியதால் கணக்கு கெட்டது என்று எழுதியிருக்கிறாயா?"

"கீழ எழுதிருக்கேன் மேடம். 'மேசை மாற்றப்பட்டது'ன்னு."

யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பது அதில் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். முகவையின் தண்ணீரில், சர்க்கரை நோயாளிகளுக்காக மருந்துக் கடையில் விற்கும் சோதனைக் குச்சியை நனைத்துப் பார்த்திருந்தாள். குச்சியை அப்படியே ஒட்டி, அருகில் எழுதியிருந்தாள்: 'தண்ணீர் உள்ளே போனது. ஆனால் குளுக்கோஸும் சிறிது வெளியே வந்துவிட்டது. புத்தகப் படத்தில் தண்ணீருக்கு மட்டுமே அம்புக்குறி இருக்கிறது. எனக்கு இரண்டும் நடந்தது.'

"ஏன் வந்தது?"

"தெரியல மேடம். இது செத்த சவ்வு. உசுரோட இருக்கிற செல்லுன்னா, குளுக்கோஸ உள்ள எடுக்க அதுக்குன்னு புரதம் வாசலு மாதிரி இருக்குமாம். சிலத எதிர்த்திசையில தள்ள சக்தியும் செலவு பண்ணுமாம். இதுல அதெல்லாம் இல்ல. ஓட்டை பெருசு, சும்மா ஒழுகுது. அப்படித்தான்னு நெனைக்கிறேன். நிரூபிக்கல."

நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவள் நான். 'நிரூபிக்கவில்லை' என்று சொன்ன மாணவர்களை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

அந்த நேரத்தில் அவளுடைய தந்தை யூனுஸ் வந்து சேர்ந்தார். தெற்குவாசலில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். சுபலட்சுமி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, கடையை அப்படியே விட்டு வந்திருந்தார்.

"எந்திரி ஃபர்ஹா. வா போவோம். குழாயடியில ஒக்கார வச்சிருக்கானுக, நீயும் ஒக்காந்து எழுதிக்கிட்டு இருக்க!"

"அத்தா, சத்தம் போடாதீங்க. பெஞ்சு ஆடுது."

"பெஞ்சு ஆடுதா? எனக்கு ஒடம்பே ஆடுது!" அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பெரிய டீச்சரா? உங்க தாளாளரு வீட்டுக் காதுகுத்துக்குப் பத்துக் கெடா. அம்புட்டையும் உரிச்சுக் குடுத்தது நானு. அன்னைக்கு, பாய் ஈரலத் தனியா எடுத்து வையிங்கன்னு நின்னாரு. இன்னைக்கு எம் மக கொண்டாந்தா நாறுதாமா?"

தாளாளர் பின்னாலேயே வந்திருந்தார். "யூனுஸ் பாய், அது வேற இது வேற. இங்க ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கிறது," என்றேன். "வாருங்கள், அதைச் செயல்படுத்துவோம்."

அரங்கத்துக்குள் திரும்பி வந்து, பட்டியலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் மேசையிலிருந்து நடந்தேன். மேசை 20, பட்டுப்புழுக் கூடுகள். உள்ளே செத்த புழுக்கள். மேசை 33, மீன் எலும்புக்கூடு. மேசை 41, மயிலிறகு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'விதி 9' என்று எழுதினேன். வேண்டுமென்றே தாண்டிச் சென்ற மேசை 12க்கு இறுதியாகத் திரும்பி வந்தேன். அது தாளாளருடைய சொந்தப் பள்ளியின் படைப்பு: காடியில் ஓடு கரைந்த கோழி முட்டை, தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. அதே சவ்வூடு பரவல்தான். மேலே வண்ண அட்டையில் முட்டையின் எடை மணிக்கு மிகச் சரியாகப் பத்துப் பத்துக் கிராமாக ஏறியிருந்தது.

"தராசு எங்கே?" என்று அங்கே நின்ற மாணவியைக் கேட்டேன்.

"தராசு இல்ல மேடம். அந்த நம்பரெல்லாம் நெட்ல இருந்துச்சு."

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. பட்டியலில் 'விதி 9' என்று எழுதினேன்.

தாளாளரின் முகம் சிவந்தது. "என்னம்மா இது அநியாயம்! முட்டையும் மூத்திரப் பையும் ஒண்ணா?"

"ஒன்றேதான். இரண்டும் விலங்கின் சவ்வு."

பேராசிரியர் சுருளி என் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். "மேடம், முட்டை வாசன வராதுல்ல. ஜனங்க ஏத்துக்குவாங்க," என்று மெல்ல இழுத்தார்.

"விதியில் வாசனை என்ற சொல்லைக் காட்டுங்கள் பேராசிரியரே. நீங்கள் தினமும் மாணவர்களுக்குச் சவ்வைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். சவ்வு ஆட்டிலிருந்து வந்ததா, கோழியிலிருந்து வந்ததா என்று பார்த்துத்தான் தண்ணீர் உள்ளே போகிறது என்றா சொல்லித் தருகிறீர்கள்? ஐந்தும் வெளியே போகட்டும். இல்லையேல் ஐந்தும் உள்ளே வரட்டும். நான்கை உள்ளே வைத்து ஒன்றை மட்டும் குழாயடிக்கு அனுப்பினால் அதற்கு விதி என்று பெயரில்லை. அதற்கு உள்ள பெயரைப் பிள்ளைகளின் முன்னால் நான் சொல்ல விரும்பவில்லை."

சுருளி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "மேடம் சொல்றது சரிதான் சார்," என்றார் தாளாளரிடம். "எல்லாத்தையும் வச்சுக்குவோம்."

தாளாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, வச்சுத் தொலைங்க. ஆனா அது ஸ்டாண்டுலயே இருக்கட்டும்," என்றார்.

"அரங்கத்துக்குள், முப்பத்தேழாம் மேசைக்கு வர வேண்டும். நீங்களே தூக்கி வர வேண்டும்," என்றேன். என் குரல் அரங்கம் முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடியும் குழாயடிக்குப் போனோம். தாளாளர் முகவையை நோக்கிக் கையை நீட்டியபோது ஃபர்ஹா எழுந்து குறுக்கே நின்றாள்.

"வேணாம் மேடம். நகத்துனா இந்த ரீடிங்கும் போயிரும். ஒருக்கா போனது போதும்."

"உன்னை இங்கே உட்கார வைத்தது அவமானம். அதைச் சரிசெய்ய வேண்டாமா?"

"அது வேற மேடம். அத நீங்க பேசுங்க. இன்னும் நாலு ரீடிங் இருக்கு, ஒரு மணிக்கு முடிஞ்சுரும். பாக்கணும்னா எல்லாரும் இங்க வந்து பாருங்க."

யூனுஸ் தம் மகளைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் உடைந்த காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார். "எழுது, நான் புடிச்சுக்கிறேன்," என்றார். ஒரு மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் சுருளி வெயிலில் நின்று நான்கு அளவீடுகளையும் தம் கைக்கடிகாரத்தில் சரிபார்த்தார். தாளாளர் ஓர் அளவீட்டுக்குப் பின் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் 3.15 மணிக்கு நடுவர் குழு எடுத்த முடிவுகள் இவை. விதி 9இன்கீழ் எந்தப் படைப்பும் விலக்கப்படவில்லை. ஃபர்ஹாவுக்கு ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. ஒரே ஒரு சவ்வைக்கொண்டு ஒரே முறை செய்ததற்காக எட்டு மதிப்பெண்ணைக் குறைத்தவள் நானே. அவள் இரண்டாம் இடம் பெற்றுத் திருச்சிக்குத் தேர்வானாள். பன்னிரண்டாம் மேசை தேர்வாகவில்லை. தாளாளர் கையொப்பமிட மறுத்தார். இரண்டு கையொப்பங்கள் போதும் என்று பதிவு செய்யப்பட்டது. உயிருள்ள விலங்குகளைத் துன்புறுத்துவதை மட்டும் தடுக்கும்படி விதி 9ஐத் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டது. அதை வேறு இருவர் படித்துப் பார்த்த பின்னரே அச்சிட வேண்டும் என்று நானே கேட்டுச் சேர்த்தேன். தாளாளர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யூனுஸ் கோரினார். நான் அதை ஆதரித்தேன். பேராசிரியர் சுருளி ஆதரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப்படவில்லை.