ஏழாவது ஊரில் சொன்ன பேச்சு

அவன் ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பதினோரு வருஷமாக மேடையில் பின்வரிசை. முன்னால் நின்று பாடுகிறவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே 'சங்கு' என்று பெயர். அப்படி ஒரு தொண்டை. இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் ஈருடல் ஓருயிர் என்பார்கள்.

அந்த வருஷம் ஏழு ஊர்களில் கச்சேரி. மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவு செய்து, நல்லதைப் பொறுக்கி ஓர் ஆல்பமாகப் போடுவதாகத் திட்டம். கூட்டம் கேட்டுக் கேட்டு வாங்கும் பாட்டு ஒன்று உண்டு. அதில் முதல் அரை நிமிஷம் டிரம்ஸ் மட்டும்தான். டக்... டக்டக்... என்று நிதானமாக நடக்கும் தாளம். அது அவனுடைய அம்மா கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பியில், வலியை மறக்க மோதிர விரலால் தட்டிக்கொண்டே கிடந்தாள் அவள்.

அம்மாவின் உயிர் பிரிந்த சாயங்காலம் அவன் பக்கத்தில் இல்லை. "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, வேறொரு குழுவுக்காக ஒரு கல்லூரி விழாவில் வாசிக்கப் போயிருந்தான். போன் பதினாறு தடவை அடித்திருக்கிறது. ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வண்டி நடுவழியில நின்னுபோச்சுக்கா" என்றான். அக்கா நம்பினாள். உண்மையை அவன் ஒரே ஒருவனிடம்தான் சொல்லி அழுதான். சங்குவிடம்.

அதெல்லாம் நடந்து ஐந்து வருஷம். இப்போது முதல் ஊரில், அந்தப் பாட்டுக்கு முன்னால் சங்கு கொஞ்சம் பேசினான். "என் சிநேகிதன் ஒருத்தனோட அம்மா..." என்று ஆரம்பித்துக் கட்டில் கம்பி வரை வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் மேடையை விட்டு இறங்கியதும், அதை ஏன் அங்கே சொன்னாய் என்று கேட்டான்.

"பேரைச் சொல்லலையே மச்சான்! தாளம் எங்கேருந்து வந்துச்சுன்னுதானே சொன்னேன்? மத்ததைப் பத்தி மூச்சு விட மாட்டேன், போதுமா?" என்றான் சங்கு.

அவன் வம்பை வளர்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்து கேட்கவும் தெம்பில்லை. அடுத்த ஊரிலிருந்து, சங்கு பேச வாயெடுத்ததும் எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நனைந்த சட்டையை மாற்றித் தண்ணீர் குடிப்பான். பேச்சு முடியும் நேரத்தில் மேடை ஆள் வந்து கதவைத் தட்டுவார். அவன் வந்து உட்காரும்போது கைதட்டல் காதைப் பிளக்கும். ஊருக்கு ஊர் அது கூடிக்கொண்டே போனது. பாட்டுக்குத்தான் என்று நினைத்தான், பாவம்.

ஆல்பத்தில் எந்தப் பாட்டுக்கு எந்த ஊரில் வாசித்ததைப் போடுவது என்று தேர்ந்தெடுத்தது சங்குதான். அந்தப் பாட்டுக்கு ஏழாவது ஊரை எடுத்தான். டிரம்ஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இவனுக்கு ஒரு பிரதி வந்தது. அதில் பாட்டுகள் மட்டும் இருந்தன. பேச்சு இல்லை.

ஆல்பம் வெளியான திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். "பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டேன். நீ வா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட மதில் ஓரமாக வேன் நின்றது. அவன் ஏறி உட்கார்ந்ததும், அக்கா பாட்டுப் பெட்டியைத் தட்டினாள். கூட்டத்தின் இரைச்சல். அதற்கு மேல் சங்குவின் குரல்.

"எங்க அம்மா கட்டில் கம்பியில விரலால தட்டிக்கிட்டே கிடந்தாங்க. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு என் அக்காகிட்ட சொல்லிட்டு, ஒரு காலேஜ் விழாவுல பாடப் போயிட்டேன். பதினாறு தடவை போன் அடிச்சுது. நான் பார்க்கல. வீட்ல கேட்டப்போ, வண்டி நின்னுபோச்சுன்னு பொய் சொன்னேன். இந்தப் பாட்டு அந்தப் பொய்க்காக."

யாரோ விசும்பும் சத்தம். பிறகு கைதட்டல். பிறகு அவனே வாசித்த டக்... டக்டக்...

அக்கா நிறுத்தினாள். "சங்குவுக்கு அக்காவே கிடையாது. அவங்க அம்மா நேத்துகூட என்கிட்ட பேசினாங்க."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பதினாறு தடவையும் அடிச்சது நான்டா. வண்டி நின்னுச்சா?"

"இல்லக்கா."

"அஞ்சு வருஷமா ரோட்டுல எந்த வண்டி நின்னு கிடந்தாலும் நான் இறங்கி என்னன்னு கேப்பேன். எவனாவது பெத்தவளைப் பார்க்கப் போறானோன்னு. ஏழு ஊரு கேட்டு அழுதப்புறம், கடைசி ஆளா எனக்குத் தெரியணுமா? இறங்கு."

இறங்கினான். நேராகச் சங்குவின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது சங்குவின் அம்மா.

"வாப்பா. பெத்த பிள்ளை என்னை உயிரோட அனுப்பி வச்சுட்டான். காலையிலேருந்து துக்கம் விசாரிச்சு எட்டு போன். நான்தான் பேசறேன்னு சொன்னா, அந்தப் பக்கம் மயக்கமே வருது."

சங்கு ஈரத்தலையோடு வந்தான். "மச்சான், கோபப்படாதே. நாலாவது ஊர்ல வாய் தவறி எங்க அம்மான்னு வந்துடுச்சு. கூட்டம் அப்படியே உருகிடுச்சுடா. அப்புறம் மாத்த முடியல."

"பொய் சொன்னதை எதுக்குடா சொன்னே? அது உன்னை நம்பி உன்கிட்ட மட்டும் சொன்னது."

"அதுலதான்டா உயிரே இருக்கு. அதை எடுத்துட்டா வெறும் ஆஸ்பத்திரிக் கதை."

"எனக்கு அனுப்பினதுல பேச்சை வெட்டினியே, அதுவும் வாய் தவறியா?"

சங்கு அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ சொன்னா யாருடா கேப்பா? பின்னால உக்கார்றவன் நீ" என்று முனகினான்.

அதோடு குழுவுக்கு முழுக்குப் போட்டான் அவன். பேச்சை எடுத்துவிடுகிறேன் என்று சங்கு ஆள் விட்டுச் சொன்னான், எடுக்கவில்லை. அந்தப் பேச்சுக்காகவே ஆல்பம் ஓடு ஓடென்று ஓடியது. வேறொருவன் அந்த இடத்தில் உட்கார்ந்து அந்தத் தாளத்தை வாசித்தான். நன்றாகவே வாசித்தான் என்று கேள்வி.

கூடவே இருந்து குழி பறித்தவனை நினைத்தால் அவனுக்கு ரத்தம் கொதிக்கும். மறுநிமிஷமே, முதல் பொய் யாருடையது என்ற நினைப்பு வந்து கொதிப்பை அடக்கிவிடும். திட்டக்கூட முழுசாக வாய் வரவில்லை.

அக்கா பேசவில்லை. அவன் சனிக்கிழமைதோறும் போய் வேனைக் கழுவினான். அவள் ஜன்னல் வழியாகச் சாவியை மட்டும் நீட்டுவாள். மூன்று மாசம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை அவளே வாளியோடு வெளியே வந்தாள்.

"கண்ணாடி துடைக்கிறேன் பேர்வழின்னு கோடு கோடா விட்டு வச்சிருக்கே."

இருவருமாகத் துடைத்தார்கள். அவள் கேட்காமலே அவன் அந்தச் சாயங்காலத்தை முதலிலிருந்து சொன்னான். போனை எந்தப் பையில் வைத்தான், எத்தனை பாட்டு வாசித்தான், எப்போது எடுத்துப் பார்த்தான், வழியெல்லாம் பொய்யை எப்படி ஜோடித்துக்கொண்டு வந்தான், எல்லாம்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றாள் கடைசியில். "எவனோ சொல்லிக் கேட்டதை உன் வாயால கேக்கணும்னு இருந்தேன். கேட்டாச்சு."

அழுக்குத் தண்ணீரைத் தெருவோரம் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.