பதினேழாம் எண் வீட்டு அட்டை

செவ்வாய்க்கிழமை என்றால் செல்லியம்மன் நகர். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையை ஒட்டிப் பத்து நிமிஷம் நடந்தால் ஐம்பத்திரண்டு வீடு. பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லாம் நெல் வயல். வீடு கட்டியவர்கள் மழைத்தண்ணீர் வடிய வழி விட மறந்துவிட்டார்கள், தண்ணீரைப் பிடித்து வைக்க மட்டும் வாசலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மாடியில் ஒன்று என்று மறக்காமல் தொட்டி வைத்தார்கள். அந்தத் தொட்டிகளைப் பார்க்கிற ஆள் நான். பேர் சுகிர்தா. சொந்த ஊர் காவாந்தண்டலம். கொசுப்புழு பார்க்கிற தினக்கூலி.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டார்ச் அடித்து டிரம், தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பழைய டயர், ஆட்டுக்கல் குழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொட்ட முடியாத தொட்டியில் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற மஞ்சள் அட்டையில் தேதி போட்டு, ‘சுத்தம்’ என்று எழுதி, கையெழுத்து. சூப்பர்வைசர் பஞ்சாட்சரம் வந்தால் அட்டையைத்தான் பார்ப்பார், தொட்டியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது.

தெரிந்ததும் நானும் ஏழு வீட்டில் கை வைத்தேன். ஒன்பதாம் எண்ணில் நாய். இருபத்தி மூன்றில் மாடிக்கு ஏணி இல்லை. முப்பதில் தொணதொணவென்று பேசியே கழுத்தறுக்கிற ஒரு மனுஷன். இப்படி ஆளுக்கொரு காரணம். உள்ளே போகாமலே அட்டையை வாங்கி ‘சுத்தம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவேன். எனக்கென்ன இரும்புக் காலா?

அந்த ஏழில் பதினேழாம் எண் மட்டும் வேறு. அங்கே நான் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. என்னை உள்ளே விடவில்லை. அந்த வீட்டுப் பிரபாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சிரித்துப் பேசுவாள், கோபமே வராது. முதல் நாளே காவாந்தண்டலத்தில் என் தெரு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அட்டையைக் கேட்டின் கம்பி வழியாக வெளியே நீட்டுவாள். கூடவே பேப்பர் கப்பில் மோர். “பூஜை ரூமைத் தாண்டித்தான் மாடிப்படி கீது சுகிர்தா, தப்பா நெனச்சிக்காத” என்பாள். நான் தப்பாகத்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே மோரைக் குடித்துவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதினேன். ஐந்து வாரம் எழுதினேன்.

எனக்கு முன்னால் இந்த ஐம்பத்திரண்டு வீட்டையும் பார்த்தவள் சிட்டம்மாள். போன வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் வந்து நாலே நாளில் செத்துப்போனாள். கொசுப்புழு பார்க்கிறவளுக்கே கொசுக் காய்ச்சல். அவளுடைய பையையும் டார்ச்சையும் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அட்டையில் கட்டைவிரல்தான் வைப்பாள். பல வீட்டில் போன வருஷத்து அட்டையை எடுக்காமல் அதன் மேலேயே புது அட்டையை மாட்டியிருந்தார்கள். அடியில் பார்த்தால் வரிசையாக அவளுடைய நீல மை ரேகை. நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அறுப்புக்குப் போன காலத்தில் அரிவாள் பட்ட வெட்டு.

ஆறாவது செவ்வாய். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை, காலையில் சுள்ளென்று வெயில். ஒன்பதாம் எண்ணில் வழக்கம்போல் நாய்க்குப் பயந்து வெளியே நின்று அட்டையை வாங்கினேன். போன வாரம் நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஈரம். அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வெளியே எடுத்து முந்தானையால் ஒற்றினேன். முந்தானை நனைந்தது. அட்டை காயவில்லை. இன்னொரு தடவை ஒற்றினேன், அப்போதும் அதே ஈரம். “கொயந்த கை வெச்சிருக்கும்” என்றாள் வீட்டுக்காரி.

பத்தாம் எண்ணில் ஈரம் இல்லை. பதினொன்றிலும் இல்லை. பதினேழில் பிரபா நீட்டிய அட்டையில் இருந்தது, எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன். இருபத்தி மூன்றில், முப்பதில் இருந்தது. மதியத்துக்குள் ஐம்பத்திரண்டு அட்டையும் பார்த்துவிட்டேன். ஈரம் இருந்தது ஏழில் மட்டும். நான் பார்க்காமல் எழுதிய அதே ஏழு வீடு. அந்தக் கணக்கு என் ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது, புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஈரம் இருந்த கடைசி அட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். ஈரத்தில் ரேகை தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு.

பயந்துவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பட்டப்பகல், தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போகிறது, எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. சிறு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கர்த்தரே கர்த்தரே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் புதன்கிழமை, என் வேலை வேறு தெருவில். அதை விட்டுவிட்டு அங்கேதான் போனேன். ஒன்பதாம் எண்காரியை அதட்டி நாயைக் கட்ட வைத்தேன். நாய் படுக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு டயர், அது நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையப் புழு. கொட்டிவிட்டு வந்து அட்டையைப் பார்த்தால் உலர்ந்து மொடமொடவென்று இருந்தது. கறைகூட இல்லை. இருபத்தி மூன்றுக்கு ஏணி இரவல் வாங்கி ஏறினேன். முப்பதாம் எண் மனுஷன் பேசப் பேசக் காதில் வாங்காமல் பின்பக்கம் போய் டிரம்மைக் கவிழ்த்தேன். ஆறு வீட்டிலும் புழு. ஆறு அட்டையும் காய்ந்தன.

மிச்சம் பதினேழு. கேட்டுக்குப் போனால் பிரபா இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு இல்லை. கண் வீங்கியிருந்தது.

“பெரியவனுக்கு டெங்குவாம் சுகிர்தா. நேத்து ராத்திரி செங்கல்பட்டுல சேத்துகீறோம். அவங்க நைனாதான் கூட கீறாரு. கவுண்ட் எறங்கிக்கினே போவுதாம். பாப்பாவ வார்டுக்குள்ள விடமாட்றாங்க, அதான் நான் மட்டும் வந்துட்டேன்.”

குழந்தை தன் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தது. முழங்காலில் மூன்று தடிப்பு.

“மாடிய பாக்கணும்மா. இப்பவே பாக்கணும். பாப்பாவுக்கும் வந்துடப்போவுது.”

“மாடியில இன்னா கீது? நீதானே வாராவாரம் பாத்து எழுதற?” பிரபா உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து கம்பி வழியாகக் காட்டினாள். “இதோ பாரு, சுத்தம், சுத்தம், சுத்தம். அஞ்சு வாரம். ஆஸ்பத்திரியிலயும் இத்ததான் சொன்னேன், எங்க வூடு சுத்தம், பையன் பள்ளிக்கூடத்துல வாங்கிக்கினு வந்துட்டான்னு.”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பினாள். என்னை உள்ளே விட்டதே இல்லை என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை. அட்டையில் எழுதியிருந்தால் பார்த்தாகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவளை என்ன சொல்வது? எனக்கும் அப்படித்தானே தோன்றியது.

அந்த நேரம் பார்த்து பஞ்சாட்சரத்தின் பைக் வந்து நின்றது. காய்ச்சல் வந்த வீடு என்று அவருக்குத் தகவல் போயிருக்கிறது. அட்டையை வாங்கிப் பார்த்தார், முகம் தெளிந்தது. “அட்டை கரெக்டா கீது. நமக்கு ஒண்ணும் பேஜார் இல்ல. வாம்மா, போலாம்” என்றார்.

போயிருக்கலாம். என் கையெழுத்தே என்னைக் காப்பாற்றியிருக்கும். குழந்தை சொறிந்துகொண்டே இருந்தது.

“அட்டை பொய்யி சார்” என்றேன். “நான் இந்த கேட்ட தாண்டனதே இல்ல. வெளிய நின்னுக்கினே எழுதனேன். அஞ்சு வாரமும்.”

பஞ்சாட்சரம் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். “இன்னா சொல்றன்னு தெரிஞ்சிதான் சொல்றியா? நாளைலேர்ந்து நீ வேலைக்கி வர வேணாம். தெரியுதா?”

“தெரியுது சார். இன்னிக்கி இந்த மாடிய மட்டும் பாத்துட்றேன்.”

பிரபா என்னையே பார்த்தாள். கோபத்தில் அவள் உதடு நடுங்கியது. அந்தக் கோபம் என் மேலா, அவள் மேலேயா, எனக்குத் தெரியவில்லை. பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்துக் கேட்டைத் திறந்தாள்.

செருப்பை வாசலில் விட்டேன். கூடத்து மார்பிள் தரை சில்லென்று இருந்தது. பூஜை அறையில் விளக்கு எரியவில்லை. படி ஏறும்போது எனக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. வெறுங்கால், ஈரக்கால், ஒவ்வொரு படியிலும் சப் சப் என்று. பிரபா வருகிறாள் என்று எண்ணித் திரும்பாமலே ஏறினேன். திரும்பக் கூடாது என்றும் மனசு சொன்னது.

மாடியில் தேடவே வேண்டியிருக்கவில்லை. பையன் கோடையில் குதித்து விளையாடிய பிளாஸ்டிக் குளத்தொட்டி, ஓர் ஆள் படுத்துக்கொள்கிற அளவு, விளிம்பு வரை மழைத்தண்ணீர். டார்ச் அடித்தேன். தண்ணீரே நெளிந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு பொம்மைப் படகு, அதன் மேல் அப்போதுதான் கூட்டை விட்டு வந்த கொசுக்கள், கால்களில் வெள்ளை வரியோடு.

ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. எத்தனை குடம் தண்ணீரோ. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை தூக்கினேன். எதிர்ப்பக்க விளிம்பு மேலே எழுந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. பிளாஸ்டிக்கில் இரண்டு இடம் மட்டும் கை பிடித்த மாதிரி உள்ளே அமுங்கியிருந்தது. நான் அலறவில்லை. கையை விடவும் இல்லை. இரண்டு பேருமாகத்தான் கவிழ்த்தோம். தண்ணீர் மாடி முழுக்கப் பரவியது, வெயிலில் புழுக்கள் துள்ளித் துள்ளி அடங்கின.

கீழே ஓடி வந்தேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கேட்டருகே பஞ்சாட்சரம் அட்டையோடு நின்றார். “இருந்துச்சா? கொட்டிட்டியா? செரி, எழுதி கையெழுத்து போட்டுக் குட்த்துட்டுப் போ. கடேசி கையெழுத்து.” அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு. அட்டையைச் சுவரில் வைத்து ‘சுத்தம்’ என்று எழுதப் போனேன். பேனா வழுக்கியது. தாள் இன்னும் நனைந்திருந்தது.

“உன்கூட வந்தவ எங்க?” என்றாள் பிரபா.

“யாரு?”

“நீ ஏறச்சொல்ல உன் பின்னாடியே ஒருத்தி ஏறனாளே. கொஞ்சம் வயசானவ. கட்டியிருந்த பொடவ சொட்டச் சொட்ட நனஞ்சிருந்துச்சி. ஆபீஸ்லேர்ந்து கூட வந்த ஆளுன்னு நெனச்சி நானும் ஒண்ணும் சொல்லல. அவ இன்னும் எறங்கலியே.”

பஞ்சாட்சரம் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் மாடியிலிருந்து சத்தம் வந்தது. மூவருக்கும் கேட்டது. தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு மூடியை யாரோ திருகித் திருகித் திறக்கிற சத்தம்.

அந்தத் தொட்டியை நான் பார்க்கவில்லை. பயத்தில் அதை மறந்தே போனேன். பக்கத்தில்கூடப் போகாமல் இறங்கி வந்து, ஆறாவது தடவையாக ‘சுத்தம்’ என்று எழுதத் தொடங்கியிருந்தேன்.

பிரபா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய் நின்றாள். பஞ்சாட்சரம் அவளுக்கும் முன்னாலேயே போய்விட்டார். மேலே மூடி கழன்று தரையில் விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. மேலே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். திரும்ப உள்ளே போனேன். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்துச் சொன்னேன்.

“தோ வரேன்க்கா.”