பதினேழாம் கேள்விக்குப் பதில்

கண்காணிப்புக் குழு மறுபடியும் வந்திருக்கிறது என்று நேற்று செய்தியில் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய எங்கள் அறை அப்படியே கண்முன் வந்து நின்றது.

அந்தப் பிரிவில் நாங்கள் நாலு பேர். ஒரே ஒரு மேசை விசிறி, அதுவும் அதிகாரி பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். எந்தக் கோப்பு போனாலும் ‘ஆவன செய்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார் என்பதால் அவருக்கு ‘ஆவனசெய்வார்’ என்றே பெயர் வைத்திருந்தோம். ஆவன ஒன்றும் ஆனதில்லை என்பது வேறு விஷயம். கெட்ட மனிதர் இல்லை. மகளுக்குப் பரீட்சை என்றால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

ஆட்கடத்தலைத் தடுக்க ஒவ்வொரு நாடும் என்ன செய்கிறது என்று கேட்டு, அந்தச் சர்வதேசக் குழு ஆண்டுதோறும் ஐம்பத்திரண்டு கேள்விகள் அனுப்பும். எத்தனை பேரை மீட்டீர்கள், எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை. பதில் தொகுப்பது என் வேலை. தொகுப்பது என்றால், போன முறை எழுதியதில் ஆண்டை மட்டும் மாற்றுவது. பதினேழாவது கேள்வி மட்டும் என்னை உறுத்தும்: ‘மீட்கப்பட்டவர்களில் காப்பகத்தை விட்டுத் தம் விருப்பப்படி வெளியேறியவர் எத்தனை பேர்?’ நாலு வருஷமாக அதற்கு ‘விவரம் தொகுக்கப்பட்டு வருகிறது’ என்றே எழுதிவந்தேன்.

அந்தப் பதில்களை மொழிபெயர்க்க வந்தவளைத்தான் நாங்கள் குண்டூசி என்போம். ஆள் பொடிசு. ஆனால் பேச்சு சுருக்கென்று இறங்கும். தெரிந்த சொல்லுக்கே அர்த்தம் கேட்டுக்கொண்டு அவள் மேசைக்கு நான் நாளைக்கு மூன்று முறை போவேன். அவளும் எனக்கு நிஜமாகவே தெரியாது போல விளக்குவாள்.

குழு நேரில் வந்தது அந்த வருஷம்தான். மூன்று பேர். தலைவி நரைத்த தலையும் தட்டைச் செருப்புமாக, பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி இருந்தார். இரண்டாம் நாள் காப்பகத்துக்குப் போனோம். மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வேலை வாங்கப்பட்ட இருபத்திரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை.

தலைவி அவர்களில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசவேண்டும் என்றார். ஆவனசெய்வார் சிரித்துக்கொண்டே, “நாங்களும் ஓரமா இருக்கோமே, மரியாதைக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோப்புகளோடு நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

“இங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாங்க” என்றாள் குண்டூசி.

அந்தப் பெண் கைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சோறு போடறாங்க. யாரும் அடிக்கறதில்ல. ஆனா வெளிக்கதவுல பூட்டு உண்டு. இன்னிக்குக் காலையிலதான் கழட்டுனாங்க. நீங்க போனதும் மாட்டிருவாங்க.”

ஆவனசெய்வார் தொண்டையைச் செருமினார். “வசதியா இருக்கேன்னு சொல்றாங்கன்னு சொல்லும்மா” என்றார் மெல்ல.

குண்டூசி அந்தப் பெண் சொன்னதை வரிக்கு வரி மொழிபெயர்த்தாள். பிறகு ஒரு மூச்சு விட்டு, அதிகாரி சொன்னதையும் அப்படியே மொழிபெயர்த்தாள்.

தலைவி இரண்டையும் குறித்துக்கொண்டார்.

“என்னம்மா இது?” என்றார் ஆவனசெய்வார்.

“அறையில யார் பேசினாலும் மொழி மாத்திச் சொல்றதுதான் சார் என் வேலை.”

அவர் முகம் காது நுனிவரை சிவந்துவிட்டது. தலைவி அவரைப் பார்க்கவே இல்லை. படிவத்தைப் புரட்டிப் பதினேழாம் கேள்வியில் விரலை வைத்து, நாலு வருஷமாக என்ன தொகுக்கிறீர்கள் என்று கேட்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். குண்டூசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொகுக்க ஒண்ணுமில்லைங்க” என்றேன். “பூஜ்யம். யாரையும் விட்டதில்ல.”

அதற்கப்புறம்தான் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். பூட்டைப் பற்றிச் சொன்னதற்காக அந்தப் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் வராது என்று தலைவி அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே என்னைக் கீழ்த்தளப் பதிவறைக்கு மாற்றினார்கள். குண்டூசிக்கு இரண்டு வருஷம் மொழிபெயர்ப்புக்கு அழைப்பே வரவில்லை. பள்ளிப்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே மொழிப்பாடம் எடுத்தாள். நான் மாலையில் போய், அங்கேயும் தெரிந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். “இதுக்கு மேல கேக்கறதுக்கு வார்த்தை இருக்கா, இல்ல நேரா விஷயத்துக்கு வரீங்களா?” என்றாள் ஒருநாள். வந்தேன்.

பத்து மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. காப்பகம் தடுப்புக்காவல் போல இருக்கிறது, உடனே திருத்தவேண்டும் என்று ஒரே ஒரு பத்தி. அரசாங்கம் முதலில் மறுத்தது, பிறகு முணுமுணுத்தது. அடுத்த படிவத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டிய கட்டாயத்தில் பூட்டை எடுத்தது. அந்த உத்தரவின் நகல் பதிவறைக்கு வந்தபோது, ‘ஆவன செய்யப்பட்டது’ என்று பழக்கமான கையெழுத்து. கோப்பைத் தட்டில் வைக்க மனமில்லாமல் மத்தியானம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் கல்யாணம் முடிந்த மாதம், அந்தத் தையல்காரப் பெண் விசாரித்துக்கொண்டு பதிவறைக்கு வந்தாள். ஒரு தையல் கடையில் வேலை, தோழிகளோடு வாடகை வீடு என்றாள்.

“ஏதாவது சான்றிதழ் வேணுமாம்மா?”

“ஒண்ணும் வேணாங்க. லீவு நாளு. எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறலாம்னு வந்தேன். இந்த ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து விட்டுச்சு, உங்க ஞாபகம் வந்து விசாரிச்சேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போகும் வரை குடிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அடுத்த பஸ் எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறிப் போனாள்.