கடித்த அடையாளம்

மூன்றாம் நாள் காலையிலும் இலைகள் போட்டது போட்டபடி இருந்தன. ஓரங்களில் கடித்த அடையாளம் இல்லை. டப்பாவின் அடியில் விரித்திருந்த காகிதத்தில் எச்சமும் இல்லை. வாலில் குட்டிக் கொம்போடு ஒரு விரல் நீளப் பச்சைப் புழு, மல்லிகைக் காம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தது. பால்கனித் தொட்டியில் மல்லிகைச் செடி மேல்தான் அதைப் பிடித்தேன். மல்லிகை தின்னும் கொம்புப்புழு என்று ஏழெட்டுப் படங்களோடு அந்துப்பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டும்விட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிறவன் நான். என் கண்ணுக்குத் தப்புமா என்ற திமிர்.

"உங்க அக்கா தட்டையும் கொஞ்சம் இப்படிக் குனிஞ்சு பாருங்க" என்றாள் மனைவி.

அத்தான் போய் நான்கு மாதம். பதினாறாம் நாளே அக்காவின் வீட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு அவளை இங்கே கூட்டிவந்துவிட்டேன். தனியாக விட்டால் ஊர் என் முகத்தில்தானே துப்பும்? ஜன்னலோர அறை, புது மெத்தை, தனி மின்விசிறி, ஒரு குறையும் வைக்கவில்லை. "சாப்டியாக்கா?" என்றால் "சாப்டேன்டா" என்பாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்தும் பார்க்காதமாதிரிதான் இருந்தேன். அவள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை குடிவர ஆளும் பேசியாகிவிட்டது. சொன்னபோது, "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று கடையில் இருந்தபோது குழுவிலிருந்து பல் டாக்டரம்மா கூப்பிட்டார். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர்.

"எல்லாம் வால் பக்கமே எடுத்திருக்கீங்க. தலைப்பக்கம் ஒரு படம்கூட இல்லையே. அது மல்லி இலையத் தின்னதப் பாத்தீங்களா?"

"மல்லி மேலதாங்க உக்காந்திருந்துச்சு."

"நீங்ககூடத்தான் பஸ் ஸ்டாப்ல உக்காந்திருப்பீங்க. அதுக்காக பெஞ்சைத் தின்பீங்களா?"

மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புழுவின் முன்பக்கத்தை மெல்லத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்தில் கண்கள் மாதிரி இரண்டு நீலப் புள்ளிகள் விரிந்தன. அரளி இலை தின்னும் புழு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் விஷச்செடி எதற்கு என்று போன வாரம்தான் எங்கள் குடியிருப்பில் அரளியை வெட்டிச் சுவரோரம் குவித்திருந்தார்கள். அந்தக் குவியல் காய்ந்ததும் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்திருக்கிறது. குவியலையும் நேற்றே வண்டியில் அள்ளிப் போய்விட்டார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அரளியா? நம்ம வீட்டு கேட்டுகிட்ட இருக்கேடா. அத்தான் வச்சது. இரு, நானும் வரேன்." அவள் மூச்சுவிடாமல் இவ்வளவு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

பஸ்ஸில் டப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் என்னிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள், சாவியைக் கொடுத்தேன். திறந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் கேட் அருகே நின்று இளந்தளிராகப் பார்த்துக் கிள்ளினேன். பால் வடிந்தது. புழுவின் வாயருகே வைத்தேன். அசையவில்லை. விரலால் புரட்டினேன், கால்கள் எதையும் பற்றாமல் தொங்கின. உடம்பு ஈரத்துணி மாதிரித் துவண்டது. இருந்தும் தளிரை அங்கேயே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மூன்று நாளாகப் பட்டினி போட்டிருக்கிறேன், பாவி, அதுவும் டப்பா நிறைய இலையைப் போட்டு.

உள்ளே போனேன். எங்கும் தூசி. அடுப்படியில் அக்கா நின்றபடி ஒரு பழைய பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்று எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். நமத்துப்போன பிஸ்கட். மெல்லுகிற சத்தமே கேட்கவில்லை.

"சாப்பிடுதாடா?" என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

டப்பாவை இறுக மூடினேன். "சாப்பிடுதுக்கா."

டின்னை என் பக்கம் நீட்டினாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை குடிவருகிறவர். எடுக்கவா வேண்டாமா என்று நின்றேன். அக்காவின் புடவையெல்லாம் பிஸ்கட் தூள். சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது.